டொரானா காருக்குள் கண்ட ரத்தம்: சேம்பர்லைன் வழக்கில் தடயவியல் சறுக்கிய இடம்

1982 அக்டோபர் 29 அன்று, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர நீதிமன்றத்தில் லிண்டி சேம்பர்லைனுக்குக் கடும் உழைப்புடன் கூடிய ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்பது வாரக் குழந்தையான தன் மகள் அசேரியாவைக் காருக்குள் வைத்துக் கழுத்தை அறுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. உடந்தையாக இருந்ததாகக் கணவர் மைக்கேலுக்கு 18 மாதத் தண்டனை, அது நிறுத்திவைக்கப்பட்டது.

குழந்தையின் உடல் கிடைக்கவே இல்லை. இதுதான் ஆயுதம் என்று உறுதியாக எதையும் காட்ட முடியவில்லை. கொலையைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஒரு தாய் ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அரசுத் தரப்பு காரணம் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று சட்டம் தங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்றது. அப்படியென்றால் ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரையும் நம்பவைத்தது எது? ஆய்வகத்திலிருந்து வந்த சாட்சியம்தான். காருக்குள் பச்சிளங்குழந்தையின் ரத்தம் இருந்தது என்று ஓர் உயிரியலாளர் சொன்னார். ஆடையில் ரத்தம் தோய்ந்த கைத்தடம் தெரிகிறது என்று லண்டனிலிருந்து வந்த பேராசிரியர் சொன்னார். துணி பல்லால் கிழியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டப்பட்டது என்று நெசவுத்துறை நிபுணர் சொன்னார்.

ஐந்தாண்டுகளுக்குள் இந்த மூன்றும் ஆட்டம் கண்டன. எப்படி என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இவர்களில் யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அதனால்தான் இந்த வழக்கு அவ்வளவு முக்கியம்.

அந்த இரவு

1980 ஆகஸ்ட் 17. அப்போது ஏயர்ஸ் ராக் என்று அழைக்கப்பட்ட உலுரு பாறையின் அடிவாரத்தில் ஒரு முகாம். செவன்த் டே அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகரான மைக்கேல், மனைவி லிண்டி, இரண்டு சிறு மகன்கள், கைக்குழந்தை அசேரியா ஆகியோர் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். இரவு எட்டு மணி வாக்கில் குழந்தையைக் கூடாரத்துக்குள் படுக்கவைத்துவிட்டு, அடுப்பு எரிந்துகொண்டிருந்த பொது இடத்துக்கு லிண்டி திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்டது. அங்கிருந்த இன்னொரு பெண்ணும் அதைக் கேட்டார். பார்க்கப் போன லிண்டி, டிங்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அலறினார். டிங்கோ என்பது ஆஸ்திரேலியாவின் காட்டுநாய்.

அந்த இன்னொரு பெண்ணின் சாட்சியத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். லிண்டி கூடாரத்திலிருந்து திரும்பிய பிறகு குழந்தை அழுதிருந்தால், அதற்கு முன்பே காருக்குள் கொன்றுவிட்டார் என்ற கதைக்கு இடமே இல்லை.

அன்றிரவு சுமார் 300 பேர் தேடினார்கள். காலடித் தடம் பார்ப்பதில் தேர்ந்த அனாங்கு பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். கூடாரத்தை ஒட்டி டிங்கோவின் தடங்கள் இருந்ததை அவர்கள் கண்டார்கள். அது ஏதோ பாரத்தைச் சுமந்து போயிருக்கிறது, இடையில் மணலில் இறக்கி வைத்திருக்கிறது, அந்த இடத்தில் பின்னல் துணி அழுந்திய அச்சு இருக்கிறது என்பதும் அன்றே கவனிக்கப்பட்டது. பூங்காவின் தலைமைக் காவலரோ, டிங்கோக்கள் மனிதரிடம் பயமற்றுப் போய்விட்டன, சிறு குழந்தைகளுக்கு ஆபத்து என்று முன்பே மேலிடத்துக்கு எழுதியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து, முகாமிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தள்ளிக் குழந்தையின் ஆடைகள் கிடைத்தன. அங்கேயே முதல் பிழை. ஆடைகள் கிடந்த நிலையை அப்படியே படம் எடுப்பதற்கு முன்னால் அவை கையில் எடுத்துப் பார்க்கப்பட்டு, பிறகு திரும்ப வைக்கப்பட்டன. எந்த மடிப்பு இயல்பானது, எது பின்னால் வந்தது என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது. குழந்தை அணிந்திருந்ததாக லிண்டி சொன்ன வெள்ளைப் பின்னல் மேல்சட்டை மட்டும் அங்கே இல்லை.

1981 பிப்ரவரி 20 அன்று, மரண விசாரணை நடத்திய கொரோனர் டெனிஸ் பாரிட், டிங்கோதான் குழந்தையைத் தூக்கிச் சென்றது என்று முடிவு சொன்னார். பெற்றோர்மீது எந்தக் குற்றமும் இல்லை என்பது நாடு முழுக்கத் தெரியட்டும் என்று தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்ப அனுமதித்தார். காவல்துறையின் தடயவியல் பணியையும் கண்டித்தார். வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஊர் வாய் ஓயவில்லை. அசேரியா என்றால் ‘வனாந்தரத்தில் பலி’ என்று பொருளாம் என ஒரு வதந்தி பரவியது. உண்மையில் அது ‘கடவுள் உதவினார்’ என்ற பொருள் தரும் எபிரேயப் பெயர். சபையைப் பற்றி வதந்தி, தாய் கேமராவுக்கு முன் அழவில்லை என்று வதந்தி. ஆய்வகத்துக்குப் பொருள்கள் போய்ச்சேர்ந்தது இந்தக் காற்றைச் சுவாசித்தபடிதான்.

காருக்குள் என்ன இருந்தது

ஆடைகள் லண்டனுக்குப் போயின. அங்கே தடய மருத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் கேமரன் புற ஊதா ஒளியில் அவற்றை ஆராய்ந்து, கழுத்து கூரிய கருவியால் அறுக்கப்பட்டிருக்கிறது, துணியில் ரத்தம் படிந்த சிறிய கையின் தடம் தெரிகிறது என்றார். அதை வைத்து வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 1981 செப்டம்பரில் குடும்பத்தின் மஞ்சள் நிற ஹோல்டன் டொரானா கார் கைப்பற்றப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் அரசு ஆய்வகத்தின் உயிரியலாளர் ஜாய் கூல் அதைச் சோதித்தார்.

ரத்தச் சோதனை இரண்டு படிகளில் நடக்கும். முதல் படி சந்தேகச் சோதனை. கறையைத் தொட்டெடுத்து ஆர்த்தோடொலிடின் என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். ரத்தம் இருந்தால் நிறம் மாறும். சிக்கல் என்னவென்றால், ரத்தம் மட்டுமே அப்படி நிறம் மாற்றுவதில்லை. சில உலோகச் சேர்மங்களும் தாவரப் பொருள்களும் அதே வேலையைச் செய்யும். ஆகவே நிறம் மாறியது என்றால் ‘ரத்தமாக இருக்கலாம், மேலே பார்’ என்று மட்டுமே அர்த்தம். இரண்டாவது படி உறுதிச் சோதனை. அதில்தான் இது ரத்தமா, மனித ரத்தமா, யாருடையது என்ற கேள்விகளுக்குள் போக முடியும்.

இந்த வழக்கில் இரண்டாவது படி ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்டது: இது கைக்குழந்தையின் ரத்தமா? கருவில் இருக்கும் சிசுவின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், பெரியவர்களுடையதிலிருந்து அமைப்பில் சற்று வேறுபட்டது. பிறந்த பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்து, ஆறு மாதம் போல் ஆகும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். ஒன்பது வாரக் குழந்தையிடம் அது கணிசமாக இருக்கும். இந்தச் சிசு ஹீமோகுளோபினோடு மட்டும் வினைபுரியும்படி தயாரித்த ஆன்டிசீரம் என்ற திரவத்தைக் கூழ் தடவிய ஒரு தட்டில் ஒரு பக்கம் வைத்து, கறையின் கரைசலை இன்னொரு பக்கம் வைப்பார்கள். இரண்டும் கூழுக்குள் பரவிச் சந்திக்கும் இடத்தில் வெண்மையான மெல்லிய கோடு விழுந்தால் பொருத்தம் என்று கொள்வார்கள்.

கூல் அப்படிக் கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். இருக்கையின் இடுக்கில், கத்தரிக்கோலில், கேமரா பையில் என்று பல இடங்களில். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்கப் பலகைக்கு அடியில் உலோகத் தகட்டில் துளித்துளியாகத் தெறித்திருந்த ஒரு கறை. அறுபட்ட நாளத்திலிருந்து பீய்ச்சிய ரத்தம் என்று அதை ஜூரிக்கு விளக்கினார்கள். கற்பனை செய்து பாருங்கள்: அந்தப் படத்தைப் பார்த்த ஒரு சாதாரண மனிதர் அதற்குப் பிறகு வேறு எதைக் கேட்டிருப்பார்?

எதிர்த்தரப்பில் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேரி பெட்ச்சர் வந்தார். பயன்படுத்திய ஆன்டிசீரம் சிசு ஹீமோகுளோபினோடு மட்டும் நிற்கவில்லை, பெரியவர்களின் ஹீமோகுளோபினோடும் வினைபுரிகிறது என்றார். அதாவது கோடு விழுந்தது என்பதற்காகக் குழந்தையின் ரத்தம் என்று சொல்ல முடியாது. அந்தக் காரில் பெரியவர் ரத்தம் இருக்கவும் காரணம் இருந்தது. அசேரியா இறந்ததற்கு முந்தைய ஆண்டு, விபத்தில் அடிபட்டு ரத்தம் ஒழுக நின்ற ஒருவரை சேம்பர்லைன் தம்பதி அதே காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

சரி, இரண்டு நிபுணர்கள் முரண்படுகிறார்கள். தட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் தீர்ந்தது அல்லவா? பார்க்க முடியவில்லை. சோதனை முடிந்ததும் தட்டுகளை அழித்துவிடுவது அந்த ஆய்வகத்தின் வழக்கமாம். எதிர்த்தரப்பு நிபுணருக்குக் கிடைத்ததெல்லாம் கூல் எழுதிய குறிப்புகளும் அவரது சொல்லும்தான்.

இந்த வழக்கைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். என்னை இன்றும் உறுத்துவது இந்த ஓர் இடம்தான். ஒரு கைரேகை இருந்தால் பத்து பேர் பார்க்கலாம். ஒரு தோட்டா இருந்தால் நுண்ணோக்கியின் கீழ் மறுபடி வைக்கலாம். இங்கே ஒரு மனுஷியின் ஆயுளைத் தீர்மானித்த கோடு, அதைப் பார்த்த ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தது. இன்னொருவர் சரிபார்க்க வழியில்லாத முடிவை அறிவியல் முடிவு என்று சொல்லிக் கூண்டில் ஏற்ற அனுமதித்தது நீதிமன்றத்தின் பிழை. தட்டுகளை அழித்தது ஆய்வகத்தின் பிழை. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டாவது நடந்தாலும் முதலாவதைத் தவிர்த்திருக்க முடியும்.

வழக்கு நடத்திய நீதிபதி ஜேம்ஸ் முயர்ஹெட், ஜூரிக்கு அளித்த தொகுப்புரையில் இந்த ஐயங்களை எல்லாம் எடுத்துக்காட்டினார். அதைக் கேட்டவர்கள் விடுதலை நிச்சயம் என்றே எண்ணினார்கள். ஜூரி குற்றவாளி என்றது. நவம்பர் 17 அன்று, சிறைக்காவலில் இருந்தபடியே லிண்டி ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். சில மணி நேரத்தில் குழந்தையை அவரிடமிருந்து பிரித்தார்கள். 1983இல் மேல்முறையீடு தள்ளுபடியானது. 1984 பிப்ரவரியில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்துவிட்டது.

கட்டு அவிழ்ந்த விதம்

உடைத்தது பெரிய ஆய்வகம் எதுவுமில்லை. லெஸ் ஸ்மித் என்ற அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஒருவர், உணவு நிறுவனம் ஒன்றில் அறிவியல் பணியில் இருந்தவர், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு எளிய கேள்வி: இதே மாடல் டொரானா வேறு கார்களில் அந்த இடம் எப்படி இருக்கிறது? போய்ப் பார்த்தார்கள். அதே இடத்தில் அதே தெறிப்பு. கார் தயாரிக்கும்போது சக்கர வளைவில் பீய்ச்சும் ஒலியடக்கும் பூச்சு, ஒரு துளை வழியாக உள்ளே தெறித்துக் காய்ந்திருந்தது. ‘பீய்ச்சிய ரத்தம்’ என்று ஜூரிக்குக் காட்டியது தொழிற்சாலைப் பூச்சு.

இதை வாசிக்கும் யாருக்கும் எழும் கேள்வி, வழக்கு நடக்கும்போதே ஏன் யாரும் இன்னொரு காரைப் பார்க்கவில்லை என்பது. கட்டுப்பாட்டு மாதிரி என்று இதைத்தான் சொல்வார்கள். சந்தேகப்படும் பொருளைச் சோதிக்கும்போது, சந்தேகமே இல்லாத ஒத்த பொருளையும் அருகில் வைத்துச் சோதிக்க வேண்டும். கல்லூரி முதலாண்டிலேயே சொல்லித்தருவது. என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதாக நினைக்கும்போதுதான் அது மறந்துபோகிறது.

சந்தேகச் சோதனையின் நிற மாற்றத்துக்கும் விளக்கம் வந்தது. சேம்பர்லைன் குடும்பம் வசித்தது மவுன்ட் ஐசாவில், தாமிரச் சுரங்க நகரம். தாமிரம் கலந்த தூசி ஆர்த்தோடொலிடினோடு ரத்தத்தைப் போலவே வினைபுரியும். அந்த ஊரில் ஓடிய ஒரு காரின் உட்புறம் முழுக்க ‘ரத்தம்’ தெரிந்ததில் வியப்பே இல்லை.

துணி விஷயத்திலும் அதுவே. வெட்டுப்பட்ட பின்னல் துணியிலிருந்து உதிரும் சிறு நூல் சுருள்கள் கத்தரிக்கோலால்தான் வரும் என்றிருந்தார்கள். டிங்கோவின் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கத்தரிபோல் வெட்டக்கூடியவை, அவற்றாலும் அதே சுருள்கள் உதிரும் என்று சோதித்துக் காட்டப்பட்டது. கைத்தடத்தில் ரத்தம் என்று கருதியதில் பெரும்பகுதி அந்தப் பாலைவனத்தின் சிவப்பு மணல். லண்டன் பேராசிரியரைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும்: 1972இல் லண்டனில் நடந்த மேக்ஸ்வெல் கான்ஃபைட் கொலையில் இறப்பு நேரத்தைக் கணித்தவரும் அவர்தான். அந்த வழக்கில் சிறைக்குப் போன மூன்று இளைஞர்களின் தண்டனை 1975இல் ரத்தானது. ஒரு நிபுணரின் கடந்தகாலப் பிழைகள் அவரோடு கூடவே கூண்டுக்கு வர வேண்டும் என்பது என் எண்ணம். பட்டங்களைப் படித்துக் காட்டுகிறார்களே, அதோடு சேர்த்து.

இத்தனையும் இருந்தும் லிண்டி சிறையிலேயே இருந்தார். கதவைத் திறந்தது ஒரு தற்செயல். 1986 ஜனவரி இறுதியில் இங்கிலாந்துப் பயணி ஒருவர் உலுரு பாறையிலிருந்து விழுந்து இறந்தார். அவரது உடலைத் தேடிப்போனவர்கள், பிப்ரவரி தொடக்கத்தில் அந்தப் பகுதியில் மண்ணில் பாதி புதைந்து கிடந்த ஒரு குழந்தைச் சட்டையைக் கண்டார்கள். லிண்டி முதல் நாளிலிருந்து சொல்லிவந்த, அப்படி ஒன்று இருக்கவே இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்துவந்த அந்த மேல்சட்டை. உள்ளாடைகளில் டிங்கோவின் உமிழ்நீர் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் அதுதான் பதில்: மேலே இன்னொரு துணி இருந்திருக்கிறது. பிப்ரவரி 7 அன்று லிண்டி விடுவிக்கப்பட்டார்.

நீதிபதி ட்ரெவர் மோர்லிங் தலைமையில் ராயல் கமிஷன், அதாவது அரசு நியமிக்கும் உயர்நிலை விசாரணை ஆணையம், அமைந்தது. 1987இல் வந்த அதன் அறிக்கை ஒவ்வொரு தடயத்தையும் தனித்தனியே எடுத்துப் பிரித்துப்போட்டது. காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக நிறுவப்படவில்லை. இப்போது தெரிந்தவை அன்றே தெரிந்திருந்தால், விடுதலை செய்யும்படி ஜூரிக்கு நீதிபதி உத்தரவிட வேண்டியிருந்திருக்கும் என்றது. தடம் பார்த்த அனாங்கு மக்களின் சாட்சியமும் இந்தக் கமிஷனில்தான் மொழிபெயர்ப்பாளரோடு உரிய இடம் பெற்றது. மணலைப் படித்தே வாழ்ந்தவர்களின் அறிவு ஒரு வாரத்துக்குள் கிடைத்திருந்தது. அது நிபுணத்துவம் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றவில்லை. வெள்ளை அங்கியும் உபகரணமும் இருந்தால்தான் அறிவியல் என்ற பழக்கம் எவ்வளவு பெரிய விலை கேட்கிறது என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1988 செப்டம்பர் 15 அன்று இருவரின் தண்டனைத் தீர்ப்புகளும் ரத்து செய்யப்பட்டன. 1992இல் 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு.

அதற்குப் பிறகு

இந்த வழக்கும், அதே காலத்தில் தெற்கு ஆஸ்திரேலியாவில் துணுக்குத் தடயங்களை வைத்துத் தண்டிக்கப்பட்டு ராயல் கமிஷனுக்குப் பின் விடுதலையான எட்வர்ட் ஸ்ப்ளாட்டின் வழக்கும், அந்த நாட்டில் தேசியத் தடயவியல் நிறுவனம் அமைய முக்கியக் காரணங்கள் ஆயின. காவல்துறையிடமிருந்து ஆய்வகம் எட்டி நிற்க வேண்டும், மாதிரியைப் பாதுகாத்து வைக்க வேண்டும், முறையை முன்கூட்டியே சோதித்துச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் வெறும் நல்லெண்ணமாக இல்லாமல் நடைமுறையாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

ஆனால் ஆய்வாளர் கதையைத் தெரிந்துகொண்டே சோதிக்கிறார் என்ற கோளாறு இன்னும் முழுக்கத் தீரவில்லை. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரல்ரேகையை, அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக உறுதி செய்தார்கள். அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல்துறை கண்டுபிடித்த பிறகுதான் அவர் விடுதலையானார். முதலாமவர் சொன்னது தெரிந்தே இரண்டாமவர் பார்த்தார். 2006இல் இட்டியல் ட்ரோரும் சகாக்களும் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். அனுபவமுள்ள ஐந்து விரல்ரேகை நிபுணர்களுக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை, இது மேஃபீல்டு வழக்கில் தவறாகப் பொருத்தப்பட்டது என்று சொல்லித் திரும்பக் கொடுத்தார்கள். நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை அதே ரேகைதான்.

2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமிகளின் குழு வெளியிட்ட அறிக்கை, டிஎன்ஏ பகுப்பாய்வைத் தவிர வேறு எந்தத் தடயவியல் முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒருவரோடு உறுதியாகப் பொருத்தும் ஆற்றல் கொண்டது என்று கறாராக நிரூபிக்கப்படவில்லை என்றது. முடி, பல்தடம், காலணித் தடம் என்று பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்கள் ஏற்றுவந்தவை அதில் அடங்கும். டிஎன்ஏவிலும்கூட மாதிரி மாறுவது, கலப்பது, கலவையான மாதிரியைத் தவறாக விளக்குவது எல்லாம் நடக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தடயவியலையே தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. லிண்டியைச் சிறைக்கு அனுப்பியதும் ஆய்வகம்தான், அந்தத் தவறைத் தோலுரித்ததும் ஆய்வகம்தான். பெட்ச்சரின் கையில் இருந்ததும் ஆன்டிசீரம், ஸ்மித் செய்ததும் சோதனை. வித்தியாசம், இவர்கள் தங்கள் கருத்து தவறாக இருந்தால் எங்கே தெரியும் என்று தேடிப் போனார்கள். ஆகவே ஒரு வழக்கறிஞரோ நீதிபதியோ தடயவியல் அறிக்கை ஒன்றைக் கையில் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது ‘பொருந்தியதா’ என்று அல்ல. எந்தப் படியோடு நிறுத்தினீர்கள், ஒப்பிட எதை வைத்தீர்கள், சோதிக்கும்போது உங்களுக்கு என்னென்ன சொல்லப்பட்டிருந்தது, மிச்ச மாதிரி எங்கே இருக்கிறது. இந்த நான்கையும் 1982இல் டார்வினில் அழுத்திக் கேட்டு, பதில் வரும்வரை சாட்சியத்தை நிறுத்தி வைத்திருந்தால் அந்தத் தெறிப்புக் கறை ஜூரியின் கண்ணில் பட்டே இருக்காது.

சட்டத்தின் பார்வையில் அசேரியாவின் மரணத்துக்கு மட்டும் நெடுங்காலம் காரணம் எழுதப்படவில்லை. 1995இல் நடந்த மூன்றாவது மரண விசாரணை எந்த முடிவுக்கும் வராமல் திறந்தே விட்டது. 2001இல் ஃப்ரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் டிங்கோக்களால் கொல்லப்பட்டான். குழந்தையை டிங்கோ தாக்குமா என்று சிரித்தவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. நான்காவது விசாரணையில், 2012 ஜூன் 12 அன்று, கொரோனர் எலிசபெத் மோரிஸ், குழந்தையை டிங்கோ தாக்கித் தூக்கிச் சென்றதே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தார். குரல் தழுதழுக்க அந்தக் குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்தார். அன்றே திருத்திய இறப்புச் சான்றிதழ் தயாராக இருந்தது. லிண்டியும் மைக்கேலும் நீதிமன்றத்திலிருந்து அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அசேரியா இருந்திருந்தால் முந்தைய நாள் அவளுக்கு 32 வயது நிறைந்திருக்கும்.